எட்டுப் பருவங்களும் ஒரு மௌனமும்

நம்முடைய நாவல்களில் பெரும்பாலானவை கல்யாணத்தோடு முடிந்துவிடுகின்றன. கதாநாயகிக்கு இருபது வயது, கதாநாயகனுக்கு இருபத்தைந்து. கெட்டிமேளம் கொட்டியதும் ‘சுபம்’ என்று போட்டுவிட்டு நாங்கள் பேனாவை மூடிவிடுகிறோம். அந்த இருவருக்கும் அதன் பிறகு நாற்பது ஐம்பது வருஷ வாழ்வு பாக்கியிருக்கிறதே என்று எழுதுகிறவனும் நினைப்பதில்லை, படிக்கிறவர்களும் கேட்பதில்லை. கதையில் வருகிற தகப்பனாரும் மாமியாரும் நரைத்த தலையோடேயே பிறந்தவர்கள் மாதிரி வந்து போகிறார்கள். அவர்களுக்குள்ளும் ஏதோ வளர்ந்துகொண்டும் உடைந்துகொண்டும் இருக்கும் என்பதற்கு நம் கதைகளில் இடம் குறைவு.

இந்தக் குற்றத்தில் கதாசிரியர்களுக்குத் துணை இருக்கிறது. மனோதத்துவ சாஸ்திரமும் நெடுங்காலம் இப்படித்தான் நடந்துகொண்டது. சிக்மண்ட் பிராய்ட் மனித மனத்தின் பருவங்களை வகுத்தார்; அவை வாலிபத்தின் வாசலோடு நின்றன. குழந்தையின் அறிவு எப்படிப் படிப்படியாக வளர்கிறது என்று அற்புதமாக ஆராய்ந்த ஸ்விட்ஸர்லாந்துக்காரர் பியாஜே, பதினைந்து வயதுக்குள் தம் கடைசிப் படியைக் கட்டி முடித்துவிட்டார். மற்றதெல்லாம் அந்த அஸ்திவாரத்தின்மேல் தானாக எழும் கட்டடம் என்று எண்ணம்.

பழைய நூல்களைப் பார்த்தால் அங்கேயும் வேடிக்கைதான். நம்முடைய பிள்ளைத்தமிழ், குழந்தையின் 3-ஆம் மாதத்திலிருந்து 21-ஆம் மாதம் வரையில் பத்துப் பருவங்களைக் கண்டது. தலையை நிமிர்த்துவதற்கு ஒரு பருவம், கை கொட்டுவதற்கு ஒரு பருவம், நடந்து வருவதற்கு ஒரு பருவம். குழந்தையை இத்தனை அருகில் உட்கார்ந்து பார்த்தவர்கள் வேறு யார் என்று எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் அதே தமிழ், பெண்ணுக்குப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்கள் வகுத்துவிட்டு 40 வயதில் கண்ணை மூடிக்கொண்டுவிட்டது. நாற்பதுக்கு மேல் ஒரு பெண் என்ன ஆகிறாள் என்று கேட்டால் இலக்கணத்தில் பதில் இல்லை.

பிறந்த குழந்தையிலிருந்து கடைசி மூச்சு வரைக்கும் ஒரே வரைபடமாக மனித வாழ்வைப் போட்டுக் காட்டிய நவீன அறிஞர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், எரிக் எரிக்ஸனைத்தான் சொல்ல வேண்டும். ‘குழந்தைப் பருவமும் சமூகமும்’ என்ற அவருடைய புத்தகம் 1950-ல் வெளிவந்தது. எட்டுப் பருவங்கள் என்ற அவருடைய பட்டியல் இன்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளிலும் தாதிமார் பள்ளிகளிலும் பாடமாக இருக்கிறது. பட்டியலை எல்லோரும் அறிவார்கள். அதைப் போட்டவருடைய கதையைத் தெரிந்துகொண்டால் பட்டியலுக்கே வேறொரு அர்த்தம் ஏற்படுகிறது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எரிக்ஸன் 1902-ல் ஜெர்மனியில், பிராங்க்பர்ட் நகருக்கு அருகே பிறந்தார். தாயார் டென்மார்க் தேசத்து யூதப் பெண்மணி. தகப்பனார் யார் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது. குழந்தைக்கு மூன்று வயதானபோது தாயார் ஹோம்பர்கர் என்ற குழந்தை வைத்தியரை மணந்துகொண்டார். “இவர்தான் உன் அப்பா” என்று பையனுக்குச் சொல்லி வளர்த்தார்கள். அன்பினால் சொன்ன பொய்தான்; பையன் மனம் நோகக் கூடாது என்று சொன்ன பொய். ஆனால் கண்ணாடி பொய் சொல்லுமா? கருத்த முடியுள்ள குடும்பத்தில் இவன் மட்டும் பொன்னிற முடியும் நீலக் கண்ணுமாக, நெட்டையாக வளர்ந்தான். யூதர்களின் கோயிலுக்குப் போனால் அங்கே அவனை அந்நியன் என்று கேலி செய்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போனால் ஜெர்மன் பையன்கள் யூதன் என்று ஒதுக்கினார்கள். “நான் யார்?” என்பது வேதாந்தக் கேள்வி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பையனுக்கு அது தினசரிக் கேள்வியாக இருந்தது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவர் சர்வகலாசாலைக்குப் போகவில்லை. சித்திரக்காரனாகப் போகிறேன் என்று ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றினார். 1927-ல் ஒரு பால்ய சிநேகிதர் கூப்பிட்டார் என்று வியன்னாவுக்குப் போய், ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக அமர்ந்தார். பிராய்டின் மகள் அன்னா பிராய்ட் அங்கே அவருக்குக் குருவாக வாய்த்தார். கானடாவில் பிறந்த ஜோன் என்ற பெண்ணை அங்கேதான் மணந்தார். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933-ல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கல்லூரிப் பட்டம் ஒன்றுகூட இல்லாத இந்த மனிதர் பிற்காலத்தில் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தார்.

1939-ல் அமெரிக்கப் பிரஜையானபோது அவர் ஒரு காரியம் செய்தார். ஹோம்பர்கர் என்ற பெயரை நடு எழுத்தாகச் சுருக்கிவிட்டு, ‘எரிக்ஸன்’ என்று புதிய குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார். அதற்கு எரிக்கின் மகன் என்று பொருள். தகப்பன் பெயர் தெரியாதவன் தனக்குத் தானே தகப்பனாகிவிட்டான்! கதையில் இப்படி எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

இனி அந்த எட்டுப் பருவங்களைப் பார்க்கலாம். ஒவ்வொரு பருவத்திலும் ஓர் இழுபறி இருக்கிறது என்பதுதான் எரிக்ஸன் கண்டது. பசித்து அழுதால் யாராவது வருவார்கள் என்று நம்பலாமா, கூடாதா? இது மடிக் குழந்தையின் இழுபறி. நானே செய்வேன் என்று அடம் பிடிப்பதற்கும் வெட்கிக் குன்றுவதற்கும் இடையில் இரண்டு மூன்று வயசுக் குழந்தை நிற்கிறது. பிறகு விளையாட்டுப் பருவம். துணிந்து முனைகிற ஆசை ஒரு புறம், தப்புச் செய்துவிட்டோமோ என்ற பயம் ஒரு புறம். பள்ளிக்கூடப் பருவத்தில், என்னால் ஒரு வேலையைச் செய்து முடிக்க முடியும் என்ற தெம்புக்கும், நான் எதற்கும் லாயக்கில்லை என்ற தாழ்வுக்கும் போட்டி. ஐந்தாவதாக வாலிபத்தில் “நான் யார்?” என்ற கேள்வி. ஆறாவது, இன்னொருவரோடு நெருங்கி வாழ்வதா, தனித்துப் போவதா என்பது. ஏழாவது நடு வயது. அடுத்த தலைமுறையை வளர்த்து ஆளாக்குவதா, அல்லது தேங்கின குட்டை போல் தன்னுள்ளேயே தேங்கிவிடுவதா? எட்டாவது முதுமை. வாழ்ந்த வாழ்வை, ‘இதுதான் என்னுடையது’ என்று நிறைவோடு ஏற்றுக்கொள்வதா, ‘வீணாய்ப் போயிற்றே’ என்று மனம் கசந்து போவதா?

இதை மாடிப்படி என்று நினைத்துவிடக் கூடாது. எரிக்ஸன் அப்படிச் சொல்லவில்லை. ஒரு பருவத்தின் பிரச்னை அந்தப் பருவத்தில் உச்சத்துக்கு வருகிறது. ஆனால் அதன் விதை முன்னேயும் இருக்கிறது, நிழல் பின்னேயும் விழுகிறது. அறுபது வயதுக்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது, கூப்பிட்டால் யாராவது வருவார்களா என்ற மடிக் குழந்தையின் கேள்வி திரும்பவும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்தப் பட்டியல் உருவான விதத்தைப் பற்றி ஜோன் எழுதியிருக்கும் ஒரு செய்தி என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. 1940-களின் பிற்பகுதியில் கணவனும் மனைவியும் சேர்ந்துதான் இதை வகுத்தார்கள். ஷேக்ஸ்பியர் சொன்ன ஏழு பருவங்களைப் படித்துப் பார்த்தபோது, அவற்றில் குழந்தை விளையாடும் பருவமே இல்லையே என்று கண்டுபிடித்துச் சிரித்தார்களாம். பிறகு ஒரு நாள் ரயிலடிக்குக் காரில் போகும்போது, தங்கள் பட்டியலைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். அதிலும் ஏழு பருவங்கள்தாம் இருந்தன. காதலித்து மணம் புரிகிற பருவத்துக்குப் பிறகு நேராக முதுமைக்குத் தாவியிருந்தார்கள். நடுவில் தாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்த பருவத்தையே, பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் பருவத்தையே, மறந்துவிட்டார்கள்! நாவலாசிரியர்கள் கல்யாணத்தில் முடித்துவிடுகிறோம் என்று முதலில் சொன்னேனே, அந்தச் சாஸ்திரக்காரர்களும் அதே இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். அன்று சேர்த்ததுதான் ஏழாவது பருவம்.

மறதி சாதாரணமானதுதான். ஆனால் அதற்குச் சில வருஷங்கள் முன்பு அந்த வீட்டில் நடந்ததைத் தெரிந்துகொண்ட பிறகு, அந்த மறதியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அதைச் சொல்லுமுன் வாசகர்களை ஆமதாபாத்துக்கு அழைத்துப் போக வேண்டும். ஏனென்றால் எரிக்ஸனே தம் அறுபதாவது வயதில் அங்கே வந்து சேர்ந்தார்.

1962-ல், மனித வாழ்வின் பருவங்களைப் பற்றிய ஒரு கருத்தரங்கை நடத்துவதற்காக அவர் ஆமதாபாத்துக்கு வந்தார். நம்முடைய பிரம்மசரியம், கிருகஸ்தம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்ற நான்கு ஆசிரமங்களையும் தம்முடைய எட்டுப் பருவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கு அங்கே ஆதரவாக இருந்தவர்கள் ஆலை முதலாளிகளான சாராபாய் குடும்பத்தார். அந்தக் குடும்பத்தின் பெரியவர் அம்பாலால் சாராபாய், 1918-ல் காந்திஜியை எதிர்த்து நின்ற ஆலை முதலாளிகளின் தலைவர் என்பது எரிக்ஸனைப் பிடித்துக்கொண்டது.

அந்த 1918-ஆம் வருஷத்து வேலைநிறுத்தம் ஒரு விசித்திரமான குடும்பச் சண்டை. பிளேக் காலத்தில் கொடுத்துவந்த போனஸை முதலாளிகள் நிறுத்தினார்கள். நெசவுத் தொழிலாளர்கள் 50 சதவிகிதம் கூலி உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20-க்கு மேல் முடியாது என்றார்கள். காந்திஜி கணக்குப் பார்த்து 35 என்று தீர்மானித்தார். முதலாளிகள் பக்கம் அம்பாலால். தொழிலாளர்கள் பக்கம் அவருடைய சொந்த அக்காள் அனசூயா பென். காந்திஜியோ இருவருக்கும் வேண்டியவர். தீண்டத்தகாதார் குடும்பம் ஒன்றை ஆசிரமத்தில் சேர்த்துக்கொண்டதற்காகப் பண உதவியெல்லாம் நின்றுபோன சமயத்தில், காரில் வந்து 13,000 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனவர் இதே அம்பாலால்தான். சாபர்மதிக் கரையில் ஒரு வேலமரத்தடியில் தினமும் கூட்டம் நடந்தது. தொழிலாளர்கள் சோர்ந்துபோன வேளையில், மார்ச் 15-ஆம் தேதி காந்திஜி உபவாசம் தொடங்கினார். 18-ஆம் தேதி சமரசம் ஆயிற்று. விவகாரம் மத்தியஸ்தரிடம் போய், முடிவில் 35 சதவிகிதமே கிடைத்தது.

அப்போது காந்திஜிக்கு வயது 48. எரிக்ஸனின் பட்டியல்படி ஏழாவது பருவம். மற்றவர்கள் ஒரு வீட்டையும் நாலு பிள்ளைகளையும் பராமரிக்கும் வயதில், இந்த மனிதர் ஒரு தேசத்தையே தம் பிள்ளையாக எடுத்துக்கொள்ளத் தயாராகிறார் என்று எரிக்ஸன் கண்டார். அதை ஆராய்ந்து அவர் எழுதிய ‘காந்தியின் சத்தியம்’ என்ற புத்தகம் 1969-ல் வெளிவந்து, அமெரிக்காவில் புலிட்ஸர் பரிசைப் பெற்றது.

அந்தப் புத்தகத்தின் நடுவே ஓர் அதிசயம் இருக்கிறது. ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு, எரிக்ஸன் இறந்துபோன மகாத்மாவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதுகிறார். அதை எழுதாமல் மேலே ஓர் அடிகூட நகர முடியவில்லையாம். அஹிம்சையை உலகத்துக்குப் போதித்த நீங்கள், உங்கள் வீட்டுக்குள் பலாத்காரம் செய்யவில்லையா என்பதுதான் கடிதத்தின் சாரம். டர்பன் வீட்டில் விருந்தினர் கலயத்தைச் சுத்தம் செய்ய முகம் சுளித்த கஸ்தூரிபாவைக் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போனது, டால்ஸ்டாய் பண்ணையில் பையன்கள் கேலி செய்தார்கள் என்பதற்காக இரண்டு பெண்களின் கூந்தலைக் கத்தரித்தது எல்லாம் அவரை உறுத்துகின்றன. பரிவோடுதான் கேட்கிறார், ஆனால் விடாமல் கேட்கிறார்.

இப்போது, வீட்டுக்குள் நடந்ததைச் சொல்கிறேன். எரிக்ஸன் தம்பதிகளுக்கு 1944-ல் நாலாவது குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. டவுன் சிண்ட்ரோம் என்று இன்று நாம் சொல்கிற பிறவிக் குறையோடு பிறந்தது. நெடுநாள் பிழைக்காது என்பது அன்றைய வைத்தியர்களின் எண்ணம். அத்தகைய குழந்தைகளை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் ஒரு விடுதியில் சேர்த்துவிடுவதே அன்றைய வழக்கம். ஜோன் பிரசவத்தில் நலிந்து மயக்கத்தில் கிடந்தார். எரிக்ஸன் நெருங்கிய சிநேகிதர்களை யோசனை கேட்டார். அவர்களும் அனுப்பிவிடும்படியே சொன்னார்கள். அனுப்பிவிட்டார். வீட்டிலிருந்த சிறு குழந்தைகளிடம், “தம்பிப் பாப்பா பிறந்ததும் செத்துப்போய்விட்டது” என்று சொல்லப்பட்டது.

குழந்தை சாகவில்லை. 1965 வரை உயிரோடிருந்தது. இறந்தபோது தாயும் தகப்பனும் இத்தாலியில் இருந்தார்கள், திரும்பி வரவில்லை. அமெரிக்காவிலிருந்த பிள்ளைகளே அடக்கத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். எரிக்ஸன் 1994-ல் காலமான பிறகு, 1999-ல் அவருடைய சரித்திரத்தை எழுதியவர் மூலமாகத்தான் இது உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. பிற்காலத்தில் மனநோய் சிகிச்சையாளரான அவருடைய மகளும் 2005-ல் தம் புத்தகத்தில் அந்த வீட்டின் மௌனத்தைப் பற்றி எழுதினார்.

இதைப் படித்தவர்களில் பலர், “ஊருக்கு உபதேசம்!” என்று உதட்டைப் பிதுக்கினார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. 1944-ல் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், மனைவி நினைவில்லாமல் கிடக்க, வைத்தியர்களும் சிநேகிதர்களும் ஒரே குரலில் பேச, தனியாக நின்ற மனிதனை இன்றைய ஞானத்தைக் கையில் வைத்துக்கொண்டு தண்டிப்பது சுலபம். குழந்தையை அனுப்பியது அந்தக் காலத்தின் முடிவு. ஆனால் பொய் சொன்னது? அதுவும் அந்தக் காலத்தில் சகஜந்தான். என்றாலும் அந்தப் பொய்க்கு ஒரு வம்சாவளி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பையன் மனம் நோகக் கூடாது என்று ஒரு தாய் தகப்பனை மறைத்தாள். அந்தப் பொய்யினால் வாழ்நாள் முழுவதும் அலைந்த மகன், தன் குழந்தைகள் மனம் நோகக் கூடாது என்று அவர்களுடைய தம்பியை மறைத்தான். தன்னை வருத்தியதே அன்பு என்ற பெயரில் தன் கையாலேயே அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்வதை, வாழ்வின் பருவங்களையெல்லாம் அறிந்த அந்த மனிதரால் தடுக்க முடியவில்லை.

மகாத்மாவுக்கு எழுதிய அந்தக் கடிதத்தை இப்போது திரும்பப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. எரிக்ஸன் அதை எழுதிய காலத்தில்தான் அந்தப் பிள்ளை செத்துப்போனான். வெளியே சத்தியம், வீட்டில் என்ன என்ற கேள்வி மகாத்மாவிடம் மட்டுமா கேட்கப்பட்டது? இது என் ஊகம். சாட்சி கேட்டால் என்னிடம் இல்லை. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒன்று தெரியும்: பிறரிடம் நாம் மிகவும் வற்புறுத்திக் கேட்கிற கேள்வி, நம்மை யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று நாம் நடுங்குகிற கேள்வியாகவே பெரும்பாலும் இருக்கிறது.

இருவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கஸ்தூரிபாவை இழுத்துப்போன கதையை உலகத்துக்குச் சொன்னவர் காந்திஜியே. 1925 முதல் வாராவாரம் பத்திரிகையில் தம் குறைகளை அச்சிட்டு வந்தார். சொல்லிவிட்டதனால் குற்றம் மறைந்துவிடவில்லை. மூத்த மகன் ஹரிலாலின் துயரம் தீர்ந்துவிடவும் இல்லை. ஆனால் சொல்லப்பட்ட தவறு, பின்னால் வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து, விவாதித்து, வேண்டாம் என்று தள்ளுகிற சொத்தாகிவிடுகிறது. சொல்லப்படாத தவறைத் தள்ளவும் முடியாது. எது என்றே தெரியாமல் சுமக்கத்தான் முடியும்.

எரிக்ஸனின் பட்டியலும் அதற்குப்பின் விவாதத்துக்குத் தப்பவில்லை. ஹார்வர்டில் அவரோடு பாடம் நடத்திய காரல் கில்லிகன் 1982-ல், இந்த வரிசை ஆண்பிள்ளையின் வரிசை என்று எடுத்துக் காட்டினார். முதலில் ‘நான் யார்’ என்று தெரிந்துகொண்டு பிறகு உறவுக்குப் போவது ஆண்களின் வழி. பெண்ணோ உறவுகளின் நடுவிலேதான் தன்னைக் கண்டுகொள்கிறாள் என்றார். நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் இதற்குச் சாஸ்திரமே வேண்டாம் என்பார்கள். இன்னொரு பக்கம், 1938-ல் ஹார்வர்டில் 268 மாணவர்களை வைத்து ஆரம்பித்து அவர்களைக் கிழப் பருவம் வரை பின்தொடர்ந்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. அதைப் பல்லாண்டு நடத்திய ஜார்ஜ் வைலண்ட், ஐம்பதிலும் அறுபதிலும்கூட மனிதர்கள் மாறி வளர்கிறார்கள் என்று எரிக்ஸனின் மூலக் கருத்துக்குப் பலம் சேர்த்தார்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஜோன் செய்த காரியம். கணவர் போன பிறகு, தொண்ணூறு வயது கடந்த அந்த அம்மாள் ஒன்பதாவது பருவம் ஒன்றைச் சேர்த்தார். 1997-ல் அது அச்சில் வந்தது. உடம்பு கைவிட்ட பிறகு வரும் பருவம் அது. அங்கே பட்டியல் தலைகீழாகிவிடுகிறது என்கிறார். நம்பிக்கைக்கு முன்னால் அவநம்பிக்கை வந்து நிற்கிறது. தெம்புக்கு முன்னால் தாழ்வு. எட்டாவதில் நிறைவு என்று நாங்கள் சுலபமாக எழுதிவிட்டோம், வந்து பார்த்தால் அத்தனை சுலபமில்லை என்ற தொனி அதில் கேட்கிறது. மறைப்பதற்கு ஒன்றுமில்லாத வயதில் எழுதிய எழுத்து.

ஏழாவது பருவத்துக்கு எரிக்ஸன் வைத்த பெயரைத் தமிழில் ‘வளர்த்தெடுத்தல்’ என்று சொல்லலாம். பிள்ளைகளுக்கு நாம் படிப்பைக் கொடுக்கிறோம், நகை கொடுக்கிறோம், நிலம் கொடுக்கிறோம், புத்திமதியும் கொடுக்கிறோம். இவற்றோடு, சொல்லாமல் விட்டதையும் கொடுக்கிறோம். ஒரு பெயரைச் சொன்னால் பெரியவர்கள் பேச்சை மாற்றுகிற வீடுகள் இல்லாமலா இருக்கின்றன? அங்கே வளர்கிற குழந்தை, அந்தப் பெயர் யாருடையது என்று தெரியாமலேயே பேச்சை மாற்றக் கற்றுக்கொள்கிறது. பிறகு ஒரு நாள் அதற்கும் நாற்பது வயதாகிறது.